வாசகர் கேள்வி – பதில்: குதிரை நகரமான லெக்சிங்டனும் நம் மலையும்

சென்ற இதழில் உதகைக் குதிரைப் பந்தயத்தைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடை எழுதியபோது, அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் உள்ள லெக்சிங்டன் நகரம் தன்னை ‘உலகத்தின் குதிரைத் தலைநகரம்’ என்று அழைத்துக்கொள்வதை ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த வரியைப் பற்றிக்கொண்டு நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதும் அந்தக் கேள்விகளுக்கே.

நூறாண்டுகளுக்கு மேல் பந்தயம் நடந்த ஊர் உதகை. அப்படியிருந்தும் இங்கே குதிரைப் பண்ணை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் உருவாகவில்லை. லெக்சிங்டனில் மட்டும் அது எப்படிச் சாத்தியமாயிற்று?
*– ஓய்வுபெற்ற ஆசிரியை, உதகை*

பந்தயம் ஓட்டுவதற்கு ஒரு சமவெளியும் பார்ப்பதற்குக் கூட்டமும் இருந்தால் போதும். குதிரையை வளர்ப்பதற்கு மண் ஒத்துழைக்க வேண்டும். லெக்சிங்டனின் கதை அந்த மண்ணுக்கு அடியில்தான் தொடங்குகிறது. ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்த நிலப்பகுதி ஆழமற்ற கடலாக இருந்த காலத்தில், கடல் உயிரினங்களின் ஓடுகள் படிந்து படிந்து சுண்ணாம்புக்கல்லாக இறுகின. அந்தப் பாறை கரைந்து உண்டான மண்ணில் கால்சியத்தோடு பாஸ்பரசும் மிகுதியாக இருக்கிறது. எலும்பை உருவாக்கும் இரண்டு முதன்மையான தாதுக்கள் இவையே. மண்ணிலிருந்து புல்லுக்கும் ஊற்று நீருக்கும், அவற்றின் வழியே தாய்க்குதிரையின் பாலுக்கும், குட்டியின் காலெலும்புக்கும் அவை போய்ச் சேருகின்றன. மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது உடலின் முழு எடையையும் ஒரு கணம் ஒற்றைக் காலில் தாங்கவேண்டிய ஒரு விலங்குக்கு, இது எவ்வளவு பெரிய வரம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மண் மட்டும் காரணமன்று. 1775ஆம் ஆண்டு, ஓர் ஊற்றங்கரையில் முகாமிட்டிருந்த எல்லைப்புற மக்கள், மாசசூசெட்ஸின் லெக்சிங்டனில் ஆங்கிலேயருக்கு எதிரான முதல் சண்டை மூண்ட செய்தியைக் கேட்டு, தாங்கள் அமைக்கவிருந்த ஊருக்கும் அதே பெயரை வைத்தார்கள். நிலையான குடியிருப்பு 1779இல் ஏற்பட்டது. அவர்களில் பலர் வர்ஜீனியாவிலிருந்து வந்தவர்கள்; குதிரை மீது தீராத ஆசையையும், நல்ல இனக் குதிரைகளையும் உடன் கொண்டுவந்தவர்கள். 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே, ஊரின் தெருக்களில் குதிரைப் பந்தயம் ஓட்டுவதற்குத் தடை விதிக்க வேண்டியிருந்தது என்றால், அந்த ஆசையின் வேகம் புரியும். 1826இல் கெண்டக்கி அசோசியேஷன் என்ற அமைப்பு தொடங்கப்பட்டு, முறையான பந்தயத் திடல் அமைந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு நியூயார்க்கின் பெருஞ்செல்வர்கள் இந்த மண்ணின் சிறப்பை அறிந்து அங்கே பண்ணைகளை வாங்கத் தொடங்கியதும், பணமும் வந்து சேர்ந்தது.

இனி நம் மலைக்கு வருவோம். நீலகிரியின் அடிப்பாறை சார்னோக்கைட். அதன்மேல் உள்ள மண்ணிலிருந்து, இரண்டு பருவமழைகளும் காலங்காலமாகச் சுண்ணாம்புச் சத்தை அரித்துக் கொண்டுபோய்விட்டன. அதனால் இது அமிலத்தன்மை கொண்ட மண். தேயிலைக்கு அது உகந்தது. உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் டோலமைட் இட்டுச் சரிசெய்கிறோம். ஆனால் குதிரைக்குட்டியை வளர்க்கும் புல்லுக்கு அது உதவாது. நம்முடைய உயர்மலைப் புல்வெளிகள் தோடர் மக்களின் எருமைகளை எத்தனையோ தலைமுறைகளாகக் காத்து வந்திருக்கின்றன என்பது உண்மை. எருமையின் வயிறு வேறு, குதிரையின் வயிறு வேறு. அந்தப் புல்வெளிகளில் தழைக்கும் பிராக்கன் என்னும் பெரணியைத் தொடர்ந்து தின்னும் குதிரைக்கு, உடலிலுள்ள தயாமின் என்னும் உயிர்ச்சத்து அழிந்து நரம்புத் தளர்ச்சி ஏற்படும்.

உதகையின் வரலாறும் வேறு வகைப்பட்டது. 1886இல் தொடங்கிய நம் பந்தயம் ஒரு கோடைக்கால நிகழ்ச்சி. சென்னை மாகாண அரசு கோடையில் மலையேறி வந்தபோது, அதைத் தொடர்ந்து குதிரைகளும் வந்தன. மழை தொடங்கும்போது இறங்கிப் போயின. குதிரைகளுக்கு உதகை ஒரு பருவத்தின் தங்குமிடமாகவே இருந்தது. லெக்சிங்டனிலோ அவை பிறந்தன, ஈன்றன, முதுமையடைந்தன, புதைக்கவும்பட்டன.

கொடைக்கானல் ஏரிக்கரையில் பரம்பரையாகக் குதிரைச் சவாரி நடத்துகிறோம். நீங்கள் சொல்லும் சுண்ணாம்பு மண் எங்களுக்கு இல்லை. எங்கள் குதிரைகள் தவிட்டையும் கொள்ளையும் புல்லையும் நம்பித்தான் வாழ்கின்றன. நாங்கள் என்ன செய்ய முடியும்?
*– குதிரை உரிமையாளர், கொடைக்கானல்*

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் மிகவும் பயனுள்ள கேள்வி உங்களுடையது. உங்கள் கவலைக்குக் காரணம் இருக்கிறது. அதற்கு வழியும் இருக்கிறது.

குதிரையின் தீவனத்தில் கால்சியம் எப்போதும் பாஸ்பரசுக்குச் சமமாகவோ அதைவிடக் கூடுதலாகவோ இருக்க வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை இருப்பது நல்லது. கோதுமைத் தவிட்டில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது: அதில் பாஸ்பரஸ் கால்சியத்தைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. அரிசித் தவிடும் அப்படித்தான். தவிட்டையே முதன்மைத் தீவனமாகக் கொடுத்துவந்தால், இரத்தத்தில் குறையும் கால்சியத்தை ஈடுகட்ட உடல் தன் எலும்பிலிருந்தே அதை எடுக்கத் தொடங்கும். முதலில் காரணம் தெரியாத நொண்டல் வரும், நடை இறுகும், பின்பு முகத்தின் இருபுறமும் எலும்பு மென்மையாகிப் புடைக்கும். முற்காலத்தில் ஐரோப்பாவில் மாவு ஆலைக்காரர்களின் குதிரைகளுக்கு இந்த நோய் மிகுதியாக வந்தது. ஆலையில் மலிவாகக் கிடைத்த தவிட்டைத் தின்றே அவை வளர்ந்தன என்பதுதான் காரணம்.

நம் மலைகளில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இங்கே பரவிவிட்ட கிக்குயு புல்லில் ஆக்சலேட் என்ற பொருள் உண்டு. அது புல்லில் இருக்கும் கால்சியத்தையும் குதிரையின் குடல் உறிஞ்ச முடியாதபடி கட்டிப் போட்டுவிடுகிறது. மாடு இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களின் உதவியால் இதை ஓரளவு சமாளித்துக்கொள்ளும், குதிரையால் முடியாது. பச்சைப் புல்லை வயிறார மேய்கிறதே என்று நாம் நிம்மதியாக இருக்கும்போதே எலும்பு தேய்ந்துகொண்டிருக்கும்.

தவிட்டை அறவே நிறுத்த வேண்டியதில்லை. அதன் அளவைக் குறையுங்கள். குதிரைமசாலைத் தீவனத்தில் சேருங்கள். அதில் கால்சியம் பாஸ்பரசைவிட நான்கைந்து மடங்கு கூடுதல். கொங்குச் சமவெளியில் நன்றாக விளையும் தீவனப்பயிர் அது. காயவைத்த குதிரைமசாலைக் கட்டுக்கட்டாக வரவழைத்துச் சேமிக்கலாம். தீவனத்துக்கென்றே விற்கப்படும் சுண்ணாம்புக்கல் தூளைச் சேர்ப்பதும் ஒரு வழி. ஆனால் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது, அது வாயையும் குடலையும் புண்ணாக்கிவிடும். எவ்வளவு தூள், எத்தனை நாள் என்பதை உங்கள் ஊர் அரசு கால்நடை மருத்துவர் குதிரையின் எடையைப் பார்த்துச் சொல்வார். தீவன மாற்றம் எதுவானாலும் பத்து நாள் எடுத்துக்கொண்டு சிறிது சிறிதாகச் செய்யுங்கள். திடீரென்று மாற்றினால் வயிற்றுவலி வந்து குதிரையே போய்விடக்கூடும். கெண்டக்கியில் மண் செய்யும் வேலையை இங்கே நீங்கள் கையால் செய்ய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

லெக்சிங்டனின் பண்ணைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் உரிமையாளர்களின் பெயர்களே வருகின்றன. குதிரைகளைப் பராமரித்தவர்கள் யார்? கெண்டக்கி அடிமைமுறை இருந்த மாநிலம் அல்லவா?
*– கல்லூரி மாணவர், கோத்தகிரி*

ஆம்; அந்தக் கேள்வியைக் கேட்காமல் லெக்சிங்டனின் பாரம்பரியத்தைப் பேசுவதில் பொருளில்லை. நகரின் நடுவே நீதிமன்றத்தை ஒட்டி இருந்த சீப்சைடு என்னும் சதுக்கம், கெண்டக்கியின் மிகப்பெரிய அடிமைச் சந்தைகளில் ஒன்று. மனிதர்களும் குதிரைகளும் ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஏலத்தில் விற்கப்பட்டார்கள். குதிரைகளுக்குத் தீவனம் வைத்தவர்களும், குட்டிகளை முதன்முதலில் பழக்கியவர்களும், பயிற்சி அளித்தவர்களும், பந்தயத்தில் ஏறி ஓட்டியவர்களும் பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளிக் கறுப்பின மக்களே.

நகரத்தின் பெயரையே தாங்கிய ‘லெக்சிங்டன்’ என்ற குதிரை 1850இல் அங்கே பிறந்தது. அதைப் பழக்கி ஓட்டத்துக்குத் தயார்செய்தவர், அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஹாரி என்னும் பயிற்சியாளர். கறுப்பினத்தவர் தம் பெயரில் குதிரையைப் பந்தயத்தில் இறக்க அனுமதி இல்லாததால், வெள்ளைக்கார உரிமையாளரின் பெயரிலேயே அது ஓடியது. பார்வையை இழந்து பந்தயத்திலிருந்து விலகிய அந்தக் குதிரை, பிறகு இனப்பெருக்கத்துக்கான பொலிக்குதிரையாக, அமெரிக்காவின் முதன்மைப் பொலிக்குதிரை என்ற இடத்தைப் பதினாறு ஆண்டுகள் பெற்றது. வேறெந்தக் குதிரையும் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை.

அக்குதிரை இறந்த 1875ஆம் ஆண்டில்தான் முதல் கெண்டக்கி டெர்பி பந்தயம் நடந்தது. அதில் ஓடிய பதினைந்து குதிரைகளில் பதின்மூன்றை ஓட்டியவர்கள் கறுப்பின ஜாக்கிகள். வென்ற ‘ஆரிஸ்டைடிஸ்’ என்ற குதிரையை ஓட்டியவர் ஆலிவர் லூயிஸ். அதற்குப் பயிற்சி அளித்த ஆன்செல் வில்லியம்சன் அடிமையாகப் பிறந்தவர். 1884, 1890, 1891 ஆகிய மூன்று ஆண்டுகளில் அதே பந்தயத்தை வென்ற ஐசக் மர்பி, அக்காலத்தின் தலைசிறந்த ஜாக்கி என்று இன்று எல்லோராலும் ஏற்கப்படுபவர். 1901இலும் 1902இலும் வென்ற ஜிம்மி விங்க்ஃபீல்டுக்குப் பிறகு இன்றுவரை எந்தக் கறுப்பின ஜாக்கியும் அந்தப் பந்தயத்தை வெல்லவில்லை. திறமை குன்றியதால் நேர்ந்த மாற்றமன்று அது. இனஒதுக்கல் சட்டங்கள் இறுகிய அந்த ஆண்டுகளில், வெள்ளைக்கார ஜாக்கிகள் ஓட்டத்தின் நடுவே அவர்களை வேலியோரம் நெருக்கினார்கள். உரிமையாளர்கள் அவர்களை அமர்த்துவதை நிறுத்தினார்கள். விங்க்ஃபீல்டு ரஷ்யாவுக்குப் போய் அங்கே புகழ்பெற்றார்.

மர்பி 1896இல், முப்பத்தைந்து வயதில் இறந்தார். லெக்சிங்டனில் கறுப்பின மக்களுக்கென்று இருந்த இடுகாட்டில் அவரைப் புதைத்தார்கள். காலப்போக்கில் அந்தக் கல்லறை எது என்பதே மறந்துபோயிற்று. 1960களில் அதைத் தேடிக் கண்டுபிடித்து, 1967இல் ‘மேன் ஓ வார்’ என்ற புகழ்பெற்ற குதிரையின் சமாதிக்கு அருகே மாற்றினார்கள். ஒரு மாமனிதரின் கல்லறை தொலைந்துபோன அதே நகரத்தில், அந்தக் குதிரையின் இறுதிச் சடங்கு 1947இல் வானொலியில் ஒலிபரப்பானது. இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. இருபத்தொரு பந்தயங்களில் இருபதை வென்ற அந்தக் குதிரையைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பராமரித்தவர் வில் ஹார்பட் என்ற கறுப்பினத்தவர். வந்த பார்வையாளர்களுக்கெல்லாம் அதன் பெருமையைப் பெற்ற பிள்ளையின் பெருமையைப் போலச் சொன்ன அவர் இறந்து, ஒரு மாதம் முடிவதற்குள் குதிரையும் இறந்தது.

கடந்த சில ஆண்டுகளாக நகரம் இந்தக் கணக்கைச் சிறிது சிறிதாகத் தீர்க்க முயல்கிறது. சீப்சைடு சதுக்கத்தை ஒட்டி நின்ற, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தரப்புத் தலைவர்களின் சிலைகள் 2017இல் அகற்றப்பட்டன. 2020இல் அந்தச் சதுக்கத்துக்கு, அடிமையாகப் பிறந்து கட்டட ஒப்பந்தக்காரராக உயர்ந்த ஹென்றி டேண்டியின் பெயர் சூட்டப்பட்டது.

நீங்கள் மாணவர் என்பதால் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். உதகைப் பந்தயத்தின் கோப்பைகளை வென்ற குதிரைகளின் பெயர்கள் பதிவேடுகளில் இருக்கின்றன. விடியற்காலைப் பனியில் அவற்றை நடத்திச் சென்ற சைஸ் எனப்படும் குதிரைக்காரர்களின் பெயர்களும், லாடம் அடித்தவர்களின் பெயர்களும் எங்கே இருக்கின்றன? அவர்களில் முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

கெண்டக்கி டெர்பி நடப்பது லெக்சிங்டனில்தானே?
*– வாசகர், கூடலூர்*

இல்லை. அது ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லூயிவில் நகரில், மே மாதத்தின் முதல் சனிக்கிழமையன்று நடக்கிறது. லெக்சிங்டனில் உள்ள பந்தயத் திடல் கீன்லாந்து, 1936இல் திறக்கப்பட்டது.

லெக்சிங்டனில் ஒருமுறை குதிரைக்குட்டிகள் ஆயிரக்கணக்கில் இறந்தன என்றும், அதற்காகச் செர்ரி மரங்களை வெட்டினார்கள் என்றும் படித்தேன். மரத்துக்கும் குதிரைக்கும் என்ன தொடர்பு?
*– தேயிலை விவசாயி, குன்னூர்*

அது 2001ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் நடந்தது. சினையாக இருந்த குதிரைகள் காரணமின்றிக் கருச்சிதைவு அடைந்தன. நிறைமாதத்தில் பிறந்த குட்டிகள் பிறந்தவுடன் மடிந்தன. பதினொரு மாதம் சுமந்து ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டி ஈனும் விலங்கு என்பதால், ஒரு பருவம் தவறினால் ஓர் ஆண்டே போயிற்று என்று பொருள். இழப்பு ஆயிரக்கணக்கில் இருந்தது.

காட்டுச் செர்ரி மரத்தின் இலையில் சயனைடு உண்டாகும் என்பதால் முதலில் அதன்மீது ஐயம் எழுந்தது. கெண்டக்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடர்ந்து ஆராய்ந்தபோது, அந்த மரத்தில் கூடு கட்டி வாழும் ஒருவகைக் கம்பளிப்புழு அந்த ஆண்டு அளவுக்கு மீறிப் பெருகியிருந்ததும், அது புல்வெளியில் ஊர்ந்துசெல்லும்போது குதிரைகள் புல்லோடு சேர்த்து விழுங்கியதும் தெரியவந்தன. புழுவின் நுண்ணிய முடிகள் குடற்சுவரைத் துளைக்க, அந்த வழியே நுண்ணுயிர்கள் இரத்தத்தில் கலந்து கருவை எட்டின என்பது அவர்களின் விளக்கம். பண்ணையோரங்களில் இருந்த செர்ரி மரங்களைப் பலர் வெட்டினார்கள். இப்போது வசந்த காலத்தில் புழுக்கூடுகளைக் கண்காணிப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. பூச்சிக்கும் மரத்துக்கும் விலங்குக்கும் இடையிலுள்ள இந்தக் கண்ணி, தேயிலையில் சிவப்புச் சிலந்தியோடு போராடும் உங்களுக்கு எளிதில் விளங்கும்.

உதகைப் பந்தயத் திடலை அரசு எடுத்துக்கொண்டுவிட்டது. லெக்சிங்டனில் பண்ணை நிலங்கள் வீட்டுமனைகளாக மாறாமல் எப்படி நிற்கின்றன?
*– வாசகர், உதகை*

அந்த நிலங்கள் தாமாக நிற்கவில்லை. நகரம் முடிவெடுத்து நிறுத்தி வைத்திருக்கிறது. 1950களில் ஐபிஎம் போன்ற பெரிய தொழிற்சாலைகள் வந்து ஊர் வீங்கத் தொடங்கியபோது, 1958இல் லெக்சிங்டன் ஓர் எல்லைக்கோட்டை வகுத்தது. கோட்டுக்கு உள்ளே கழிவுநீர்க் குழாயும் குடியிருப்பும், வெளியே பண்ணைகள். அமெரிக்காவில் இத்தகைய எல்லையை முதலில் வகுத்த நகரம் அதுவே. அப்படியும் பெரிய பண்ணைகள் பத்துப் பத்து ஏக்கராகத் துண்டாடப்பட்டதால், கோட்டுக்கு வெளியே குறைந்தது 40 ஏக்கர் இருந்தால்தான் வீடு கட்டலாம் என்று பின்னர் விதித்தார்கள். 2000ஆம் ஆண்டில் அதைவிடத் துணிவான ஒரு திட்டம் வந்தது. நிலம் உழவரிடமே இருக்கும். அதில் மனைபோடும் உரிமையை மட்டும் நகரம் பணம் கொடுத்து என்றென்றைக்குமாக வாங்கிக்கொள்ளும். இப்படி 30,000 ஏக்கருக்கு மேல் காக்கப்பட்டிருக்கிறது. வீட்டு வாடகை ஏறி எளியவர்கள் தவிக்கிறார்கள் என்ற நியாயமான குரலும் அங்கே உண்டு. 2023இல் எல்லைக்கோட்டை ஏறக்குறைய 2,800 ஏக்கர் விரிவாக்கியதற்கு அதுவே காரணம். பண்ணைகளைச் சுற்றி ஓடும், சாந்து பூசாமல் கல்லின்மேல் கல் அடுக்கிய சுவர்களையும் அவர்கள் காக்கிறார்கள். ஐரிஷ் கொத்தர்கள் தொடங்கி, அவர்களிடம் கற்ற கறுப்பினக் கொத்தர்கள் வளர்த்தெடுத்த கலை அது.

நம் பந்தயத் திடலோ தொடக்கத்திலிருந்தே அரசு நிலம்; குத்தகைக் காலம் 1978இல் முடிந்து, நெடுங்கால வழக்குகளுக்குப் பிறகு 2024இல் அரசின் கைக்குத் திரும்பியது. ஐம்பது ஏக்கருக்கு மேற்பட்ட அந்த இடம், கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் வெட்டப்பட்ட ஏரி ஒருகாலத்தில் பரவியிருந்த பள்ளம். பேருந்து நிலையமும் சந்தையும்கூட அப்படிப்பட்ட இடத்தில்தான் நிற்கின்றன. மழைநீரை உள்வாங்கிக்கொள்ள நகரின் நடுவே எஞ்சியிருக்கும் பெரிய திறந்தவெளி அது ஒன்றே என்பதால், பூங்காவே அமைந்தாலும் காங்கிரீட் குறைவாகவும் புல்லும் சதுப்பும் மிகுதியாகவும் அமைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பந்தயத்தை விரும்பியவர்களும் வெறுத்தவர்களும் இதில் ஒன்றுபடலாம்.

தமிழ்நாட்டில் குதிரை வளர்ப்புக்குப் பெயர்பெற்ற ஊர் ஒன்றுகூட இருந்ததில்லையா?
*– நூலகர், கோத்தகிரி*

நாம் பெரும்பாலும் குதிரையை இறக்குமதி செய்தவர்கள். ‘நீரின் வந்த நிமிர்பரிப் புரவி’ என்று பட்டினப்பாலை பாடும்போதே, குதிரை கப்பலில் வந்து இறங்கிய செல்வமாகத்தான் இருக்கிறது. மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் பொன்னோடு துறைமுகத்தை நோக்கிப் புறப்பட்ட கதையிலும் அந்த வரலாறு பொதிந்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஓர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்ததையும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் அவை விரைவில் இறந்ததையும், வணிகர்கள் தம் ஊர்க் குதிரை மருத்துவர்கள் இங்கே வராமல் பார்த்துக்கொண்டதையும் எழுதியிருக்கிறார். பின்னாளில் ஆங்கிலேயரின் படைக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் குதிரைகள் வந்து இறங்கின.

விதிவிலக்கு ஓசூர். அதை அடுத்த மத்திகிரியில் 1824இல், படைக்குத் தேவையான குதிரைகளுக்காகப் பண்ணை ஒன்று நிறுவப்பட்டது. அதுவே இன்றைய அரசு கால்நடைப் பண்ணை. கர்நாடக எல்லைக்கு அப்பால், திப்பு சுல்தானின் குதிரைப்படையோடு தொடர்புடைய குனிகல் பண்ணையும் இருக்கிறது. இரண்டுமே மழை மிதமான, வறண்ட மேட்டுநிலத்தில் அமைந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

என் மகள் ஓஹையோ மாநிலத்தில் வேலை செய்கிறாள். நான் அங்கே போகும்போது லெக்சிங்டனைப் பார்க்க ஆசை. எப்போது போகலாம், எதைப் பார்க்கலாம்?
*– வாசகி, குன்னூர்*

ஏப்ரல் மாதம் போங்கள். குட்டிகள் பிறக்கும் பருவம் அது. வேலியோரத்தில் தாயும் குட்டியுமாக நிற்பதைக் காணலாம். கீன்லாந்து திடலில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் பந்தயம் நடக்கிறது. பந்தயமும் சூதாட்டமும் பிடிக்காவிட்டாலும், விடியற்காலைப் பயிற்சி ஓட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். நகரத்துக்கு வடக்கே, 1978இல் திறக்கப்பட்ட கெண்டக்கி குதிரைப் பூங்கா 1,200 ஏக்கர் பரப்புள்ளது. ஐசக் மர்பியின் கல்லறையும் ‘மேன் ஓ வார்’ சமாதியும் இப்போது அங்கேதான் இருக்கின்றன. அங்குள்ள அருங்காட்சியகத்தில் ‘லெக்சிங்டன்’ குதிரையின் எலும்புக்கூட்டைக் காணலாம். தனியார் பண்ணைகளுக்கு முன்பதிவு செய்யாமல் போனால் உள்ளே விடமாட்டார்கள். ஏழாவது தெருவில் உள்ள கறுப்பின மக்களின் பழைய இடுகாட்டுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் டெர்பியை வென்ற ஆலிவர் லூயிஸும், எத்தனையோ ஜாக்கிகளும் பயிற்சியாளர்களும் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். ஏப்ரலில் காலைக் குளிர் நம் மார்கழியைப் போலவே இருக்கும் என்பதால் கம்பளிச் சட்டை எடுத்துப் போங்கள்.